மேடை ஒளிக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை மின்சேதத்தினின்று காத்தல்

பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும் தமிழ் வழங்கும் எல்லைப் பிரதேசங்களில் மேடை விளக்குகள் மிகுதியாக ஒளிரும் காலங்கள் ஆண்டில் இரண்டு. கோடையின் தொடக்கத்தில் கோயில் விழாக்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் நெம்மாறை, வல்லங்கி என்னும் இரு ஊரார் மீன மாதம் 20ஆம் நாள், அதாவது ஏப்ரல் முதல் வாரத்தில், போட்டியிட்டு எழுப்பும் ஒளிப்பந்தல்கள் புகழ்பெற்றவை. ஐப்பசித் திங்களின் இறுதியில் கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாவும் அதனையொட்டிய சங்கீத உற்சவமும் வருகின்றன. பள்ளிக் கலோற்சவங்களின் தொடக்கநிலைப் போட்டிகளும் பெரும்பாலும் இந்த இரண்டாம் காலத்தையே சார்ந்தவை.

இவ்விரண்டு காலங்களும் கேரளத்தில் இடிமின்னலுக்கும் உரிய காலங்களாக இருப்பதே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம். ஏப்ரல், மே மாதங்களில், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன், நிலம் பகல் முழுவதும் காய்ந்து சூடேறுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவிலே மேலேறிக் குளிர்ந்து, பிற்பகலில் பெரும் இடிமேகங்களாகத் திரள்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கேரளத்தார் துலாவர்ஷம் என வழங்கும் மழைக்காலத்திலும் இதே நிகழ்ச்சி மீண்டும் காணப்படுகிறது. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கு அதிக வாய்ப்பு உண்டு என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்து வருகிறது. மேடை அமைக்கும் வேலை பிற்பகலில் தொடங்குகிறது, நிகழ்ச்சி இரவு 10 மணிக்கு முடிகிறது. இரண்டு கால அட்டவணைகளும் ஏறக்குறைய ஒன்றே என்பதை இதனின்றும் உணரலாம்.

பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் இன்றும் நடைபெறும் தோற்பாவைக் கூத்தில், கூத்துமாடத்தின் திரைக்குப் பின்னே 21 விளக்குகள் வரிசையாக எரிகின்றன. அவை தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து ஏற்றப்படுபவை. அவ்விளக்குகளுக்கு இடியினால் யாதொரு சேதமும் வருவதில்லை. மின்விளக்கு மேடைக்கு வந்த பின்னும் நெடுங்காலம் வரை பெருஞ்சேதத்திற்கு இடமில்லாதிருந்தது. உப்புநீர்த் தொட்டியில் உலோகத் தகட்டை ஏற்றியிறக்கியும், கனத்த தடைக்கம்பிச் சுருள்களின் மேல் கைப்பிடியை நகர்த்தியும் ஒளியைக் கூட்டிக் குறைத்த காலம் அது. 1959இல் கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத்தரின் ‘அங்கார்’ நாடகத்தில் சுரங்கத்தினுள் வெள்ளம் புகும் காட்சியை ஒளியினாலேயே தோற்றுவித்துத் தாபஸ் சென் பெரும்புகழ் பெற்றார். அக்காலத்துச் சாதனங்கள் முரட்டுத்தனமானவை. சில ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு அவற்றினூடே பாய்ந்தாலும், பெரும்பாலும் ஒரு பொறி எழுவதோடு முடிந்துவிடும்.

இன்றைய நிலை வேறு. ஒளியைக் கட்டுப்படுத்துவது இப்போது கைப்பிடியன்று, எண்கள். 1986இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த டி.எம்.எக்ஸ். 512 என்னும் முறை இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. கட்டுப்பாட்டு மேசை (தொழிலில் உள்ளோர் இதனைக் கன்சோல் என்பர்) 512 வழிகளுக்கு உரிய எண்களை, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான மதிப்பாக, ஒரே கம்பியில் வரிசையாக அனுப்புகிறது. நொடிக்கு 2,50,000 குறிகள் செல்கின்றன. கம்பி மேசையிலிருந்து முதல் விளக்கிற்கும், அதிலிருந்து அடுத்த விளக்கிற்கும், அவ்வாறே மாலை தொடுப்பது போலக் கடைசி விளக்கு வரைக்கும் செல்கிறது. கடைசி முனையில் 120 ஓம் தடை ஒன்று பொருத்தப்படும்.

இக்குறிகளை அனுப்பும் சில்லும் பெறும் சில்லும் சுமார் 5 வோல்ட்டில் இயங்குபவை. இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே அவை நோக்கும். ஆகவே இரு கம்பிகளும் ஒருசேரச் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் அவை பிழை செய்வதில்லை. ஆனால் இந்தப் பொறுமைக்கும் எல்லையுண்டு. பெறும் சில்லின் பொதுமுனையை நோக்க, கம்பிகள் ஒருபுறம் 12 வோல்ட்டும் மறுபுறம் 7 வோல்ட்டும் விலகலாம் என்பது தர அளவு. அதனினும் சற்று மிகுந்தால் சில்லு தாங்கக்கூடும். நூற்றுக்கணக்கில் மிகுந்தால் தாங்காது. விளக்கு எரிந்துகொண்டே இருக்க, அதனை ஆளும் சில்லு மட்டும் கருகிப்போவது இதனாலேயாகும். ஒரே மாலையில் தொடுக்கப்பட்ட இருபது விளக்குகளின் சில்லுகள் ஒரே கணத்தில் அழிவதும் உண்டு. வாடகைக்கு விளக்கு அமைத்துத் தரும் சிறு தொழிலாளருக்கு இஃது ஒரு விழாக்காலத்தின் வருவாய் முழுவதையும் கொண்டுபோகும் இழப்பு.

மின்னல் மேடையின் மீது விழுந்தால்தான் இவ்வாறு நேரும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. மேடைக்குப் புறத்தே, யாருமில்லாத வயலில் விழுந்த மின்னலும் இச்சேதத்தை விளைவிக்க வல்லது. இதன் காரணத்தை அறிய நிலத்தின் இயல்பை நோக்க வேண்டும்.

நிலம் மின்சாரத்தை எளிதிற் கடத்தும் என்றும், அதன் மின்னழுத்தம் எங்கும் பூச்சியம் என்றும் பாடநூல்களில் கூறப்படுகிறது. சாதாரண கணக்குகளுக்கு இக்கொள்கை போதும். ஆயினும் நிலம் செம்பு அன்று. அதன் தடைத்திறன் இடத்திற்கு இடம் பெரிதும் மாறுபடும். ஈரமான வண்டல் மண்ணில் அது சில பத்து ஓம்-மீட்டர் அளவே. பாலக்காட்டு நெல்வயல்களின் கரையில், மழைக்குப் பின், 100 ஓம்-மீட்டருக்குள் இருக்கும் எனக் கொள்ளலாம். கோடையில் உலர்ந்த செம்புரைக்கல் நிலத்தில் இது பல நூறாகும். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய மலைத் தாலுக்காக்களிலோ, பல இடங்களில் மெல்லிய மண்போர்வைக்குக் கீழே கருங்கற்பாறை உள்ளது. அங்கே ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். 1940இல் பள்ளிவாசலிலும் 1976இல் இடுக்கியிலும் மின்னிலையங்கள் எழுந்து நாட்டிற்கே மின்சாரம் வழங்கிய மலைகள் இவை. அம்மலைகளிலேயே மின்சாரத்தை நிலத்தில் இறக்க நல்ல இடம் தேட வேண்டியிருப்பது ஒரு விந்தை.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் என்று கொள்வது வழக்கம். இதனினும் பன்மடங்கு மிகுந்தனவும் உண்டு. இம்மின்னோட்டம் ஓரிடத்தில் நிலத்தில் இறங்கி எல்லாத் திசைகளிலும் ஒரேவிதமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், அவ்விடத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் மின்னழுத்தம் தூரத்திற்கேற்பக் குறைந்துகொண்டே செல்லும். நிலத்தின் தடைத்திறன் 1,000 ஓம்-மீட்டர் ஆயின், 100 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 48,000 வோல்ட்டாகவும், 150 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 32,000 வோல்ட்டாகவும் இருக்கும். மேடை முதலாவது இடத்திலும் கட்டுப்பாட்டு மேசை இரண்டாவது இடத்திலும் அமைந்திருக்குமாயின், இரண்டு நிலங்களுக்கும் இடையே அக்கணத்தில் 16,000 வோல்ட்டு வேறுபாடு நிற்கிறது. நல்ல ஈரநிலத்தில் இதே வேறுபாடு 1,600 வோல்ட்டு. உண்மை நிலம் இக்கணக்கைப் போல ஒழுங்கானதன்று. பாறையும் ஓடையும் குழாயும் அதனை மாற்றும். எனினும் தாங்கக்கூடிய 12 வோல்ட்டுக்கும் வரக்கூடிய பல்லாயிரம் வோல்ட்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட இது போதும்.

சபையின் பின்புறம் மேசையும் முன்புறம் மேடையும் இருக்க, இடையே 50 மீட்டர் கட்டுப்பாட்டுக் கம்பி கிடக்கிறது. மேடையிலுள்ள டிம்மர்களும் விளக்குகளும் மேடையருகே புதைத்த எர்த் குழாயுடன் இணைக்கப்பட்டுள்ளன. மேசைக்கோ அதன் அருகேயே இன்னொரு எர்த் தண்டு அடிக்கப்பட்டுள்ளது. நுண்ணிய கருவிக்குத் ‘தனி எர்த்’ வேண்டும், மேடையின் எர்த்தில் சேர்த்தால் அங்குள்ள தொல்லை இங்கு வரும் என்பது தொழிலில் பரவலாக நிலவும் நம்பிக்கை. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இவ்வேற்பாடே சேதத்திற்கு வாசல் திறக்கிறது. இரு நிலங்களையும் இணைக்கும் ஒரே உலோகப் பாதை அந்த மெல்லிய கட்டுப்பாட்டுக் கம்பிதான். 16,000 வோல்ட்டு வேறுபாட்டை ஈடுசெய்ய முற்படும் மின்னோட்டம் அதன் வழியாகவும், அதன் இரு முனைகளிலுள்ள சில்லுகள் வழியாகவும் பாய்கிறது. மேசையின் எர்த் எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவு மின்னோட்டம் மிகுதியாகும்.

தேக்கடி ஏரியில் இரண்டு படகுகள் ஒரு நூலால் பிணைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். நீர்மட்டம் எவ்வளவு ஏறினும் இரு படகுகளும் சேர்ந்தே ஏறுமாதலால் நூல் அறுவதில்லை. ஒரு படகை நூலால் கரையிலுள்ள மரத்தில் கட்டினாலோ, நீர் ஏறுகையில் நூல் அறும். எர்த் அமைப்பின் பயனும் இத்தகையதே. மின்னலின்போது மேடையின் மின்னழுத்தம் ஏறாமல் தடுப்பது எவராலும் இயலாது. அங்குள்ள எல்லாக் கருவிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்படி செய்வதே இயலக்கூடியது.

ஆகவே முதல் விதி இதுவாகும்: ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே எர்த் அமைப்பு. மேடையின் பங்கீட்டுப் பெட்டியே அதன் மையம். கட்டுப்பாட்டு மேசைக்கு வேண்டிய மின்சாரத்தை அருகிலுள்ள பள்ளிக்கூட அறையிலிருந்தோ கடையிலிருந்தோ எடுத்தல் கூடாது. மேடையின் பெட்டியிலிருந்தே, எர்த் கம்பியுடன் கூடிய மூன்று கம்பி வடத்தில் கொண்டுவருதல் வேண்டும். ஒலிபெருக்கிச் சாதனங்களுக்கும் இதே பெட்டியே மையமாதல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் குழாய்கள் புதைக்கப்பட்டிருந்தால், அவை யாவும் கனத்த செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். மின்னலிலிருந்து கட்டடங்களைக் காக்கும் ஐ.எஸ்.–ஐ.இ.சி. 62305 தரக்குறிப்பு வற்புறுத்தும் சமமின்னழுத்தப் பிணைப்பு என்பதன் சாரமும் இதுவே.

இரண்டாவதாக, மின்வடமும் கட்டுப்பாட்டுக் கம்பியும் செல்லும் வழியைக் கவனிக்க வேண்டும். மின்வடம் மைதானத்தின் இடப்புற ஓரமாகவும் கட்டுப்பாட்டுக் கம்பி வலப்புற ஓரமாகவும் சென்றால், இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய கண்ணியாகின்றன. மின்னலின் காந்தப்புலம் இக்கண்ணியினூடே மாறும்போது அதில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 100 மீட்டர் தொலைவில் விழும் மின்னல் 5 மைக்ரோ நொடியில் 30,000 ஆம்பியரை எட்டுமாயின், 50 சதுர மீட்டர் பரப்புள்ள கண்ணியில் சுமார் 600 வோல்ட்டு தோன்றும். கண்ணியின் பரப்பு குறைந்தால் இதுவும் குறையும். எனவே இரண்டையும் ஒரே வழியில், ஓரிரு கை அகலத்திற்குள், இட்டுச் செல்லுதல் நலம். பார்வையாளர் தடுக்கி விழாமலிருக்கவும் இவ்வேற்பாடே நன்று.

மேற்கூறியவை செலவில்லாத முறைகள். சிறிது செலவு செய்யக்கூடியவர்களுக்கு, மேசைக்கும் விளக்கு மாலைக்கும் இடையே ஒளிவழித் தனிப்படுத்தி பொருத்திய பகிர்வுப் பெட்டியைக் கொள்ளுமாறு பரிந்துரைக்கலாம். இதனுள்ளே குறிகள் ஒரு சிறு விளக்கின் ஒளியாக மாறி, மயிரிழையன்ன இடைவெளியைத் தாண்டி, மறுபுறத்தே மீண்டும் மின்குறிகளாகின்றன. இடைவெளியைத் தாண்டிச் செல்வது ஒளியேயாதலால் இருபுறத்திற்கும் உலோகத் தொடர்பு கிடையாது. ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட வேறுபாட்டை இவை தாங்குகின்றன. மேலும், ஒரு மாலையில் ஏற்பட்ட பழுது மற்ற மாலைகளுக்குப் பரவுவதில்லை. மேசை நிலத்தோடு இணைந்தும், பெறும் கருவிகள் தனிப்படுத்தப்பட்டும் இருத்தலே டி.எம்.எக்ஸ். தரக்குறிப்பு விரும்பும் அமைப்பு. இணைப்பியின் 1ஆம் முனையை அதன் உலோக உறையுடன் பற்றவைக்கும் வழக்கமும் விடத்தக்கது. அவ்வாறு செய்தால் உறை மேடையின் இரும்புச் சட்டத்தைத் தொடும் இடமெல்லாம் ஒரு புதிய நிலத்தொடர்பு உண்டாகித் தனிப்படுத்தலின் பயன் கெடும்.

பத்தாயிரம் வோல்ட்டு வேறுபாடு எதிர்பார்க்கப்படும் மலையுச்சி மைதானங்களில் தனிப்படுத்தியும் போதாமற் போகலாம். அவ்விடங்களில் கண்ணாடி இழை வடமே நம்பத்தக்கது. மின்சாரம் செல்லாத பொருளில் மின்னல் செல்ல வழியில்லை. கம்பியில்லா முறையும் இதே நன்மையைத் தரும். எனினும் பெருந்திரளான மக்கள் கூடி, ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கும் இடத்தில் அலைகளின் நெருக்கடியால் குறிகள் தடைப்படக்கூடும்.

எர்த் பற்றிப் பேசும்போது கருவிகளைக் காட்டிலும் பெரிதான ஒன்றைக் கூறாதிருத்தல் தகாது. ஒலிபெருக்கியில் கேட்கும் உறுமல் ஓசையைப் போக்குவதற்காகவோ, விளக்குகள் காரணமின்றிச் சிமிட்டுவதை நிறுத்துவதற்காகவோ, மின்செருகியின் மூன்றாவது முனையை முறித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. ஓசை நின்றுவிடுவதும் மெய்யே. ஆனால் அதன்பின் கருவிக்குள் ஒரு ஃபேஸ் கம்பி நழுவி உறையைத் தொட்டால், அவ்வுறையும், அது மாட்டப்பட்ட இரும்புச் சட்டமும், அதைப் பிடித்து ஏறும் மனிதனும் 230 வோல்ட்டுக்கு ஆளாவர். உறுமலுக்கு மருந்து தனிப்படுத்தும் மின்மாற்றியே. அஃது ஒலிக்கம்பியில் இருத்தல் வேண்டும், எர்த் கம்பியில் அன்று.

மலைப்பகுதிகளில் மூன்றாவது முனை முறியாமலிருப்பதும் போதாது. 3 மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள எர்த் குழாய் 100 ஓம்-மீட்டர் நிலத்தில் சுமார் 30 ஓம் தடை கொண்டதாக அமையும். அதே குழாயை 2,000 ஓம்-மீட்டர் நிலத்தில் புதைத்தால் தடை 600 ஓம். பாறைக்குள் 3 மீட்டர் குழாயை இறக்க முடிந்தால்தான் இந்த அளவேனும் கிட்டும். இத்தகைய எர்த்தில் பழுதுபட்ட விளக்கிலிருந்து பாயும் மின்னோட்டம் 0.4 ஆம்பியரையும் எட்டாது. 16 ஆம்பியர் உருகியோ துண்டிப்பானோ இதனை ஒரு பொருட்டாகவும் கொள்ளாது. உறை உயிருக்கு அபாயமான மின்னழுத்தத்தில் மணிக்கணக்காக நிற்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பான், அதாவது ஆர்.சி.சி.பி., மறையூரிலோ வட்டவடையிலோ வசதியன்று, அவசியம். மேடை முழுவதற்கும் ஒன்றே வைத்தால், மூடுபனியில் நனைந்த ஓர் இணைப்பியின் கசிவினால் நிகழ்ச்சி முழுவதும் இருளில் ஆழும். ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே அமைத்தல் விரும்பத்தக்கது. கரியும் உப்பும் இட்டு நீரூற்றும் பழைய முறையும் பல குழாய்களை இடைவெளி விட்டுப் புதைத்துப் பிணைக்கும் முறையும் தடையைக் குறைக்கும். இவற்றின் விவரங்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3043இல் தரப்பட்டுள்ளன.

மின்னலின் மேல் பழிபோடப்படும் சேதங்களுள் ஒரு பகுதி உண்மையில் நியூட்ரல் கம்பி அறுந்ததால் விளைந்தது. மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டும், இரு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டும் உள்ளன. நியூட்ரல் தளர்ந்து விலகினால், இரண்டு ஃபேஸ்களிலுள்ள சுமைகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடர்ச்சியாக நிற்கும். ஒரு ஃபேஸில் 2,000 வாட்டு இழை விளக்குகளும் மற்றொன்றில் 200 வாட்டு கட்டுப்பாட்டுச் சாதனங்களும் இருந்து, மூன்றாவதில் சுமை இல்லை எனக் கொள்வோம். விளக்குகள் 36 வோல்ட்டில் மங்கும். சாதனங்களோ 364 வோல்ட்டைப் பெறும். இதன் உச்ச மதிப்பு 500 வோல்ட்டைத் தாண்டுவதால், 400 அல்லது 450 வோல்ட்டுக்கென அமைந்த மின்தேக்கிகள் சில நொடிகளில் வெடித்துவிடும். விளக்கு திடீரென மங்கியதைக் கண்டு, இன்னும் ஒளி வேண்டுமென்று மேசையில் கைப்பிடியை ஏற்றுவது இயல்பு. அக்கணத்தில் செய்யத்தக்கது முதன்மைத் துண்டிப்பானை இறக்குவதேயாகும்.

டிம்மர்கள் மிகுந்த மேடையில் நியூட்ரலுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. ஒளியைக் குறைக்கும்போது டிம்மர் ஒவ்வோர் அலையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட அலைகளின் மூன்றாம் இசையலைகள் மூன்று ஃபேஸ்களிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று கழிப்பதற்கு மாறாகக் கூடிக்கொள்கின்றன. சுமை சமமாகப் பகிரப்பட்டிருந்தும் நியூட்ரலின் மின்னோட்டம் ஃபேஸின் மின்னோட்டத்தை விஞ்சுவது இதனாலேதான். ஆகையால் நியூட்ரல் கம்பி மெல்லியதாக இருத்தல் ஆகாது. அதன் இணைப்புத் திருகு முதலில் இறுக்கப்பட்டு, கடைசியில் கழற்றப்பட வேண்டும். மேசையை இணைக்கும் முன் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை, சுமையோடும் சுமையின்றியும், அளந்து பார்ப்பதற்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் தேவைப்படாது.

சந்தையில் மின்னெழுச்சிக் காப்பான் என்ற பெயரில் விற்கப்படும் சாதனங்களைக் குறித்தும் சில சொற்கள் கூற வேண்டும். இவற்றின் உள்ளே பெரும்பாலும் இருப்பது துத்தநாக ஆக்ஸைடு வட்டு. சாதாரண மின்னழுத்தத்தில் அது மின்சாரத்தைத் தடுக்கும். மின்னழுத்தம் எல்லை மீறினால் வழிவிட்டு, எழுச்சியை நிலத்திற்குத் திருப்பும். அளவறிந்து பயன்படுத்தினால் இது நல்ல துணை. ஆனால் ஒவ்வோர் எழுச்சியிலும் அது சிறிது தேய்கிறது. பச்சை அடையாளம் மறைந்தபின் அஃது இருந்தும் பயனில்லை. இணைக்கும் கம்பி நீண்டாலும் பயன் குறையும். 10,000 ஆம்பியர் எழுச்சி 8 மைக்ரோ நொடியில் ஏறும்போது, ஒரு மீட்டர் நேர்க்கம்பியிலேயே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நின்றுவிடும். எனவே காப்பானின் கம்பிகள் அரை மீட்டருக்குள் அடங்க வேண்டும். எல்லாவற்றினும் கவனிக்கத்தக்கது, 275 வோல்ட்டுக்கென அமைந்த வட்டு நியூட்ரல் அறுந்தபோது கிடைக்கும் 364 வோல்ட்டை இடைவிடாது சுமந்து, சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதே. மைக்ரோ நொடி எழுச்சிக்கு மருந்தானது நெடுநேர மிகையழுத்தத்திற்கு இரையாகிறது. ஆதலால் மிகையழுத்தத்தில் தானே துண்டிக்கும் ரிலே ஒன்று அதற்கு முன்னே இருத்தல் வேண்டும். கட்டுப்பாட்டுக் கம்பிக்கு உரிய காப்பான்கள் வேறு வகையின. அவற்றில் பெருமின்னோட்டத்தை ஏற்கும் வாயுக் குழலும், விரைவாக இயங்கும் டையோடும் ஒரு சிறு தடையினால் பிரிக்கப்பட்டு அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றின் மந்தத்தை மற்றொன்றின் வேகம் ஈடுசெய்கிறது.

காற்றும் மழையும் மரக்கிளைகளை மின்கம்பிகளின் மேல் வீழ்த்தும் மலைநாட்டில் ஜெனரேட்டர் இன்றி நிகழ்ச்சி நடத்துவது கடினம். சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் நிலத்துடன் இணைக்கப்படாமல் வருகிறது. அந்நிலையில் கசிவுத் துண்டிப்பான் இயங்குவதில்லை. மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும்போதும், பெருஞ்சுமை ஒன்று திடீரென விலகும்போதும், மின்னழுத்தம் ஏறியிறங்கும். மேசையை மட்டும் மின்கலத்துடன் கூடிய இடைவிடா மின்வழங்கியில் வைத்திருந்தால் இந்தத் தொல்லைகள் அதனை அணுகுவதில்லை. அவ்வழங்கியும் மேடையின் பெட்டியிலிருந்தே மின்சாரம் பெற வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்னல் நேரே மேடையைத் தாக்குமாயின் மேற்கூறிய ஏற்பாடுகளுள் எதுவும் முழுக் காப்பாகாது. அதற்கு உரிய வழி மேடையை விட்டு அகல்வதே. இடியோசை கேட்கும் தொலைவில் மின்னல் இருக்குமாயின், அடுத்த தாக்கு இங்கேயும் விழலாம் என்று கொள்ள வேண்டும். விளக்குச் சட்டத்தின் மேல் நிற்பவர்கள் முதலில் இறங்க வேண்டும். மக்களைக் கல் கட்டடங்களுக்குள் அனுப்ப வேண்டும். மரத்தடியிலும் தகரப் பந்தலின் தூண் அருகிலும் எவரும் நிற்றலாகாது. இவையெல்லாம் முடிந்த பின், நேரமிருந்தால் மட்டும், கருவிகளைக் கவனிக்கலாம். அப்போதும் விசையை அணைப்பது போதாது. விசையின் இடைவெளி சில மில்லிமீட்டரே; அதனைத் தாண்டுவது மின்னலுக்கு எளிது. மின்செருகியையும் கட்டுப்பாட்டுக் கம்பியையும் மேசையிலிருந்து பிடுங்கி, அவற்றின் முனைகளை ஒரு முழத்திற்கு மேல் விலக்கி வைக்க வேண்டும். மின்செருகியை எடுத்துவிட்டுக் கட்டுப்பாட்டுக் கம்பியை அப்படியே விட்டுவிடுவது பலரும் செய்வது. மேடையின் நிலத்திலிருந்து வரும் மின்னோட்டம் நுழையும் வழி அதுதான். மின்னல் ஓயும் வரை எவரும் அவற்றை மீண்டும் தொடாதிருக்க வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் காத்திருப்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் வழக்கமாகும்.